இதென்ன பெரிய விஷயம்?

ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றவர் அவரைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலேதான். துப்பறியும் கதைகள் அவருக்குச் சரளமாக வந்தன, காசும் கொட்டின. ஆனால் மூட்டை மூட்டையாகப் புத்தகம் படித்து, பாடுபட்டு எழுதிய ‘தி வைட் கம்பெனி’ போன்ற சரித்திர நாவல்களையே அவர் தன் உண்மையான இலக்கியமாகக் கருதினார். ஹோம்ஸ் அதற்குத் தடை. அம்மா வேண்டாம் என்று சொல்லியும், 1893 டிசம்பரில் கதையை முடித்துவிட்டார். பத்து வருடம் கழித்து, 1903இல், அதே ஹோம்ஸைச் சாகவில்லை என்று சொல்லி மறுபடி கூட்டிவந்தார். இன்று ஹோம்ஸைத் தெரிந்தவர்களில் பலர் அந்தச் சரித்திர நாவலின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

சிந்திய வியர்வையை வைத்தே ஒரு வேலையின் மதிப்பை அளக்கிறோம். வியர்க்காமல் வருவது நமக்குக் கணக்கிலேயே வருவதில்லை. கைப்பக்குவம் உள்ள ஒரு பெண்மணியிடம் குழம்புக்கு அளவு கேட்டுப் பாருங்கள். “எல்லாம் கண்ணளவுதான், இதென்ன பெரிய விஷயம்?” என்பார். அது தன்னடக்கம் அல்ல. எல்லாருக்கும் அப்படித்தான் வரும் என்று உண்மையாகவே நம்புகிறார். அமெரிக்க உளவியலாளர்கள் குரூகரும் டன்னிங்கும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொடுகிறது. திறமை குறைந்தவர்கள் தங்களை மிகையாக மதிக்கிறார்கள் என்ற பாதிதான் பிரபலமானது (பிறரைக் கிண்டல் செய்ய உதவுவதால் இருக்கலாம்). மறுபாதி இது: தேர்வில் முன்னணியில் இருந்தவர்கள் மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தங்களைக் குறைத்தே மதித்தார்கள். சில வாரம் கழித்து இலக்கணத் தேர்வின் விடைத்தாள்களில் சிலவற்றை அவர்களிடமே கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். அடுத்தவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்ததும் அவர்களுடைய சுயமதிப்பீடு உயர்ந்தது. உச்சியில் இருப்பவருக்குக் கணிப்பு தவறினால் கீழேதான் தவறும், இது வெறும் புள்ளிவிவர மாயம் என்பாரும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிறர் தாளைப் பார்த்த பிறகு கணிப்பு ஏறியதை அந்த வாதம் எளிதில் விளக்கிவிடாது. கண்ணை மூடி உட்கார்ந்து ‘எனக்கு என்ன வரும்?’ என்று யோசிப்பதைவிட, நாம் சிரமமில்லாமல் தாண்டும் இடத்தில் பிறர் எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று கவனிப்பதே பயன்படும்.

இயல்பான திறமை என்று ஒன்றே இல்லை, எல்லாம் பயிற்சிதான் என்பது அடுத்த ஆட்சேபம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த ஓர் அலசலின்படி, ஆட்களுக்கு இடையே தெரியும் வேறுபாட்டில் முறையான பயிற்சியின் பங்கு சதுரங்கம் போன்ற விளையாட்டுகளில் 26 சதவீதம், இசையில் 21 சதவீதம், உடல்திறன் விளையாட்டுகளில் 18 சதவீதம். மிச்சம் முழுவதையும் பிறவிக் கொடை என்று எழுதிவிட முடியாது. தொடங்கிய வயது, வாய்த்த ஆசிரியர், வீட்டு வசதி எல்லாம் அதற்குள் உண்டு. ஆனாலும் பயிற்சியே எல்லாம் என்ற பேச்சு இதற்குமேல் எடுபடாது.

புகழ்ந்தால் தலைக்கனம் ஏறும் என்ற பெரியவர்களின் அச்சத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. உளவியலாளர்கள் முல்லரும் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டப்பட்ட குழந்தைகளில் பலர் கடினமான புதிர்களைத் தவிர்த்தார்கள். ஒருமுறை தோற்றதும் துவண்டார்கள். முயற்சியைப் பாராட்டியபோது அப்படி ஆகவில்லை. கேடு செய்வது பட்டம்தான். அந்தப் பெண்மணியிடமும் “உங்க கையே கைதான்” என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். “ருசி பார்க்காமலே உப்பு குறையுதுன்னு எப்படித் தெரிஞ்சது?” என்று கேட்டால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசிப்பார்.