வெள்ளத்தில் மூழ்கிய பைக்கா? உடனே கிக்கரை உதைக்காதீங்க!

சென்னை: தண்ணீர் வடிந்ததும் பைக் ஸ்டார்ட் ஆகுதா என்று கிக்கரை உதைத்துப் பார்ப்பதுதான் பலர் செய்யும் முதல் வேலை. பெரிய செலவை இழுத்து விடுவதும் அதுதான்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் ஏராளமான பைக்குகள் மூழ்கின.

ஏன் உதைக்கக்கூடாது?

பிஸ்டன் அழுத்தினால் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை சுருங்கும். தண்ணீர் சுருங்காது. ஏர் பில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். செல்ப் ஸ்டார்ட் அமுக்கினாலும் இதே கதிதான். அப்புறம் எஞ்சினையே பிரிக்கணும்.

என்ன செய்யணும்?

* சாவி போடாமல் பேட்டரி ஒயரைக் கழற்றுங்க.

* ஆயில் பால் காபி மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வடித்துவிட்டு புது ஆயில் ஊற்றணும்.

* நனைந்த பேப்பர் ஏர் பில்டரை மாற்றணும்.

* ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு கிக்கரை மெதுவாக மிதித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக வெளியேறும். பிளக்கை நன்றாகக் காய வைத்து மாட்டுங்க.

* டேங்கில் தண்ணீர் புகுந்தால் பெட்ரோலுக்கு அடியில் தங்கும். டேங்கையும் கார்புரேட்டரையும் வடிக்கணும்.

2020 ஏப்ரலில் அமலுக்கு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை, எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன்தான். அதில் கை வைக்காமல் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

ஸ்டார்ட் ஆனதும் பறக்க வேண்டாம். நனைந்த பிரேக் சரியாகப் பிடிக்காது. கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டி, பிரேக்கை லேசாகப் பிடித்துப் பார்த்த பிறகே வேலைக்குக் கிளம்பணும்.