30 ஆண்டுக் குத்தகையும் 75,000 ஆண்டுக் கழிவும்

பொதட்டூர்பேட்டைத் தெருக்களில் விசைத்தறி ஓடும் ஓசையைக் கேட்டிருப்பீர்கள். தறியை ஓட்டும் மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்ததா, நீர்வீழ்ச்சியிலிருந்து வந்ததா, அணுவிலிருந்து வந்ததா என்பது தறிக்குத் தெரியாது. எல்லாம் ஒரே கம்பியில் கலந்து வருகிறது. ஆனால் அதைப் பயன்படுத்தும் நாம், அந்த மின்சாரத்திற்கான எரிபொருள் யாருடைய மண்ணிலிருந்து தோண்டப்படுகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

அணுமின் நிலையத்தைப் பற்றிப் பேசும்போது நம் நினைவுக்கு வருபவை கல்பாக்கமும் கூடங்குளமும்தான். அணு உலைக்கு முன்னே ஒரு சுரங்கம் இருக்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் நாட்டில் யுரேனியம் தோண்டும் பணியை, 1967-இல் நிறுவப்பட்ட இந்திய யுரேனியக் கழகம் செய்து வருகிறது. ஜார்க்கண்டில் உள்ள ஜாதுகுடா இதன் பழைய சுரங்கம். திருத்தணியிலிருந்து ரேணிகுண்டா வழியாக இரயில் ஏறினால் கடப்பை வருமல்லவா? அந்தக் கடப்பைப் பகுதியில் உள்ள தும்மலபள்ளேயில், 2012 முதல் மற்றொரு சுரங்கம் இயங்குகிறது.

மூன்றாவதாக ஓர் இடம் உண்டு. அங்கே யுரேனியம் இருக்கிறது; ஆனால் சுரங்கம் இல்லை. அது மேகாலயாவின் காசி மலைப் பகுதியில் உள்ள டோமியாசியாட். (இது கங்கைக் கரையிலுள்ள காசி அன்று, காசி என்ற பழங்குடியினர் வாழும் மலை.) அங்கே சுரங்கம் வராமற் போனதில் ஒரு சிறிய பழங்குடிக் கட்சிக்கும் பங்குண்டு.

கட்சியும் அதன் நிலையும்

மலை மாநில மக்கள் ஜனநாயகக் கட்சி 1968-இல் தோன்றியது. அசாமுக்குள் ஒரு தன்னாட்சிப் பகுதி போதாது, மலைமக்களுக்கு முழு மாநிலமே வேண்டும் என்பது அதன் முதல் கோரிக்கை. 1972-இல் மேகாலயா முழு மாநிலமாயிற்று. கட்சி என்றுமே பெரிதாக வளரவில்லை; 2023 சட்டமன்றத் தேர்தலில் அது வென்றவை 2 இடங்களே. எனினும் அதன் நெடுநாள் தலைவரான ஹோப்பிங்ஸ்டோன் லிங்டோ, 2015-இல் மறையும்வரை, யுரேனியச் சுரங்கம் கூடாது என்ற நிலையில் உறுதியாக நின்றார். காசி மாணவர் சங்கமும் அதே நிலையில் நின்று போராடியது.

1980-களில் டோமியாசியாட்டில் யுரேனியம் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 92 லட்சம் டன் தாது இருக்கலாம் என மதிப்பிட்டனர். 2007-இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 2009-இல் மாநில அரசு 422 ஹெக்டேர் நிலத்தை 30 ஆண்டுக் குத்தகைக்கு யுரேனியக் கழகத்திற்கு வழங்க முடிவு செய்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது. 2016-இல் அம்முடிவு திரும்பப் பெறப்பட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இக்கட்சியின் எதிர்ப்பு மையங்கொண்டிருப்பது அணு உலையின் மீதன்று. தங்கள் மண்ணைத் தோண்டுவதன் மீது. அந்த அச்சத்திற்கு இயற்பியலில் அடிப்படை உண்டா? அதைக் காண்போம்.

எடுத்தது போக எஞ்சுவது

டோமியாசியாட் தாதுவில் யுரேனியத்தின் அளவு ஏறத்தாழ 0.1 விழுக்காடு. அதாவது 1,000 கிலோ பாறையை அரைத்தால் கிடைப்பது 1 கிலோ. மீதி 999 கிலோவும் சேறாகக் கழிவுக் குளத்திற்குப் போகிறது.

யுரேனியத்தை எடுத்துவிட்டோமே, இனி அது வெறும் சேறுதானே என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. யுரேனியம்-238 ஒரே தாவலில் ஈயமாகி விடுவதில்லை, படிப்படியாகச் சிதைகிறது. இந்தத் தொடரில் கதிரியக்கமுள்ள முதன்மை உறுப்புகள் 14. பல கோடி ஆண்டுகளாகக் கலையாமல் கிடந்த பாறையில், இவை ஒவ்வொன்றும் ஒரு நொடியில் நிகழ்த்தும் சிதைவுகளின் எண்ணிக்கை சமமாக இருக்கும். மேலே ஊற்றும் அளவே கீழே ஒழுகும் பானைகளின் வரிசையைப் போன்றது இது.

ஆலை பிரித்தெடுப்பது யுரேனியம்-238, யுரேனியம்-234 ஆகிய 2 உறுப்புகளை மட்டுமே. மீதி 12 உறுப்புகளும் சேற்றிலேயே தங்கிவிடுகின்றன. 14-இல் 12 என்றால் ஏறத்தாழ 86 விழுக்காடு. அவற்றுள் 2 உறுப்புகள் சில மாதங்களில் மறைந்துவிடும். மற்ற 10 உறுப்புகளும் அவ்வாறு மறையா. ஏனெனில் அவற்றின் தலைவாயிலில் நிற்பது தோரியம்-230. அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 75,000 ஆண்டுகள்!

தோரியத்திலிருந்து ரேடியம் பிறக்கிறது. ரேடியத்தின் அரை ஆயுட்காலம் 1,600 ஆண்டுகள். இராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்த 1010-ஆம் ஆண்டில் சிறிது ரேடியத்தை ஒரு பேழையில் வைத்திருந்தால், இன்றும் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீந்திருக்கும். ரேடியம் வேதியியல் பண்பில் கால்சியத்தை ஒத்தது. குடிநீரில் கலந்தால் எலும்பில் போய்ச் சேரும். ரேடியத்திலிருந்து ரேடான் என்னும் வாயு தோன்றுகிறது. ரேடானை நெடுங்காலம் மிகுதியாகச் சுவாசிப்போருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது.

சுரங்கத்தை ஆதரிப்போர் கூறுவதையும் கேட்க வேண்டும். இந்தக் கதிரியக்கம் புதிதாக உண்டாக்கப்பட்டதன்று. முன்பே மண்ணில் இருந்ததுதான். குளத்தின் அடியில் நீர் கசியாத விரிப்பிட்டு, மேலே மண் மூடிக் காத்தால், அருகில் வாழ்வோர் பெறும் கூடுதல் கதிர்வீச்சை ஆண்டுக்கு 1 மில்லி சீவெர்ட் என்ற வரம்புக்குள் நிறுத்தலாம். இயற்கையாகவே உலக மக்கள் பெறும் சராசரி 2.4 மில்லி சீவெர்ட். நிலக்கரியை எரித்துக் காற்றைக் கெடுப்பதைவிட இது மேல் என்றும் அவர்கள் சொல்கின்றனர். இவ்வாதம் தள்ளிவிடத் தக்கதன்று.

ஆனால் இவ்வாதத்தின் உயிர் 'காத்தால்' என்ற சொல்லில் இருக்கிறது. பாறைக்குள் இறுகிக் கிடந்தது இப்போது பொடியாக, நீரில் கரையக்கூடிய நிலையில், திறந்த வெளிக்கு வந்திருக்கிறது. காசி மலையின் தென்சரிவோ மழைக்குப் பேர்போனது. அச்சரிவிலுள்ள மௌசின்ராமில் ஆண்டு மழை ஏறத்தாழ 11,800 மில்லிமீட்டர். நம் திருத்தணிப் பக்கம் பெய்வதைப்போல் பத்து மடங்கு. அங்கு ஓடும் ஆறுகள் வங்கதேசச் சமவெளியில் இறங்குகின்றன. மழை குறைந்த தும்மலபள்ளேயிலேயே, கழிவுக் குளத்தை அடுத்த கிராமத்தார் நிலத்தடி நீர் கெட்டதென்று புகார் எழுப்பினர்.

மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குத்தகை 30 ஆண்டு முடியும்போது தோரியம்-230 எவ்வளவு குறைந்திருக்கும்? 30-ஐ 75,000-ஆல் வகுத்து, அந்த எண்ணை அரையின் அடுக்காக இடுங்கள். விடை 0.9997. 10,000 அணுக்களில் குறைந்தவை 3 மட்டுமே. யுரேனியக் கழகம் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பும் நாளில், கழிவு தன் பயணத்தை இன்னும் தொடங்கவே இல்லை எனலாம்.

யாரைக் கேட்பது?

காசி மக்களிடையே நிலம் பெரும்பாலும் குலத்திற்கும் குடும்பத்திற்கும் உரியது, தாய்வழியே இறங்குவது. அரசியலமைப்பின் ஆறாம் அட்டவணை அவர்களுக்குத் தன்னாட்சி மாவட்ட மன்றங்களை அளித்துள்ளது. டோமியாசியாட்டில் நிலமுடைய ஒரு மூதாட்டி, பெருந்தொகை தர முன்வந்தும் நிலத்தைக் கொடுக்க மறுத்துவிட்டார். அவர் 2020-இல் காலமானார். தலைமுறை தலைமுறையாக நிலத்தைக் கைமாற்றும் சமுதாயத்திற்கு, 75,000 ஆண்டு என்பது வெறும் எண்ணாகத் தோன்றாததில் வியப்பில்லை.

உலகின் வேறு பகுதிகளிலும் இதே கேள்வி எழுந்துள்ளது. அமெரிக்காவில் நவஹோ பழங்குடியினர் 2005-இல் தங்கள் நிலத்தில் யுரேனியச் சுரங்கத்தைத் தடை செய்தனர். கிரீன்லாந்தில் 2021 தேர்தலில் வென்ற இன்யூட் அடகடிகிட் என்ற கட்சி, அதே ஆண்டில் யுரேனியச் சுரங்கத்திற்குத் தடைச் சட்டம் கொண்டு வந்தது. அங்கே ஒரு பழங்குடிக் கட்சியால் சட்டமே இயற்ற முடிந்தது. இரண்டு உறுப்பினர் கொண்ட மலைக்கட்சிக்கு அந்த வலிமை இல்லை. அணுக் கனிமம் மத்திய அரசின் பொறுப்பில் இருப்பது. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. மேகாலயாவில் உடனே எதிர்ப்பு எழுந்தது.

கதிரியக்கம் எத்தனை ஆண்டு நிலைக்கும், எவ்வளவு பெற்றால் தீங்கு நேரலாம் என்பவற்றை அறிவியல் கணித்துச் சொல்லும். அந்தத் தீங்கின் வாய்ப்பை யார் ஏற்பது என்பதை எந்தச் சமன்பாடும் சொல்லாது. அதை ஏற்கப்போகிறவர்களைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். நமக்கு மின்சாரம் வேண்டும். தறி நிற்கக் கூடாது. அதனாலேயே, கழிவுக் குளத்தின் கரையில் வாழப்போகும் மக்கள் 'வேண்டாம்' என்று சொல்லும்போது, அவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிடாமல், அவர்கள் போட்டிருக்கும் கணக்கையும் நாம் சரிபார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.