பழைய ஸ்கூட்டருக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

நம் அங்கத்தினர்களுக்கு ஸ்கூட்டர் இன்று ஆடம்பரப் பொருள் அன்று. நூல் வாங்கி வரவும், நெய்த சேலைகளைச் சங்கத்தில் சேர்க்கவும், காய்கறி மூட்டையைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும் அது இன்றியமையாததாகி விட்டது. புது வண்டியின் விலை எட்டாதபோது பழைய வண்டியை நாடுவது இயல்பே. ஆனால், கால் காணி நிலம் வாங்கினாலும் வில்லங்கச் சான்று கேட்கிற நாம், எஞ்சின் ஓசையைக் கேட்டும் டயரைத் தட்டிப் பார்த்தும் வண்டிக்குப் பணம் கொடுத்து விடுகிறோம். அது ஒரு காலத்தில் களவு போன வண்டியா என்று கேட்பவர் மிகச் சிலரே.

இதனால் விளையும் கேடு யாது? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொதுவிதி தெளிவானது: விற்பவனுக்கு இல்லாத உரிமை வாங்குபவனுக்கு வராது. களவு போன வண்டி நான்கு கை மாறினாலும், நாம் நியாயமான விலையே கொடுத்திருந்தாலும், அது பறிகொடுத்தவருக்கே உரியது. அவருக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு வழங்கியிருந்தால் அந்நிறுவனம் உரிமை கோரும். போலீசார் வண்டியைக் கைப்பற்றுவர். கடன் வாங்கி வண்டி வாங்கியவருக்கு வண்டி போய்விடும். கடன் மட்டும் நிற்கும்.

துன்பம் அதனோடும் முடிவதில்லை. களவுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையின்றி அதைப் பெறுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அறியாமல் வாங்கியவர் குற்றவாளி அல்லர். எனினும், பாதி விலைக்கு, ஆர்.சி. புத்தகமும் இல்லாமல் வாங்கியவர், தமக்கு ஐயமே எழவில்லை என்று பிறரை நம்பவைப்பது கடினம்.

களவு போய்த் திரும்பக் கிடைத்த வண்டி வேறு வகை. அதை உரியவரே விற்கலாம். ஆனால் வழக்கு முடியுமுன் நீதிமன்றம் வண்டியை ஒப்படைக்கும்போது, விற்கக் கூடாது, மாற்றக் கூடாது, கேட்டபோது கொண்டுவர வேண்டும் என்று பிணைப் பத்திரம் எழுதி வாங்குவது வழக்கம். அதை மறைத்து விற்றால் தொல்லை வாங்கியவரையும் சேரும். ஆகையால், “இவ்வண்டி எப்போதாவது களவு போனதா? வழக்கு முடிந்ததா?” என்று நேராகக் கேட்க வேண்டும். ஆம் என்றால் நீதிமன்ற உத்தரவின் நகலைப் பார்க்க வேண்டும்.

இனி, பார்க்க வேண்டியவை. சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியிலேயே படித்து, ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுக. சேஸிஸ் எண் 17 இலக்கமும் எழுத்தும் கொண்டது. அவ்விடத்தில் அரம் தேய்த்த தடமோ, பற்றவைப்போ, புதுப் பெயின்டோ தென்பட்டால் விலகி விடுக. பூட்டு மாற்றப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நலம். பதிவு விவரங்களைப் பரிவாஹன் இணையதளத்தில் காணலாம். வண்டி களவுப் பதிவேட்டில் உள்ளதா என்று பார்க்கத் தேசியக் குற்ற ஆவணப் பணியகமும் இணைய வசதி செய்துள்ளது. போலி எண் பலகை ஏமாற்றும். ஆதலால் சேஸிஸ் எண்ணைக் கொண்டும் தேடுக.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பெயருக்குரியவரை நேரில் காணாமல் பணம் கொடுக்க வேண்டாம். நிரப்பாத 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கிக் கொண்டு கை மாறிவரும் வண்டிகளின் நடுவேதான் களவு வண்டி எளிதில் ஒளிந்துகொள்கிறது. பணத்தை வங்கி வழியே செலுத்தி, விற்றவரின் முகவரியோடு ரசீது பெறுக. பெயர் மாற்றத்துக்கு வாங்கியவர் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

வாங்கியபின் உண்மை தெரிந்தால் என் செய்வது? வேறொருவர் தலையில் கட்டிவிட எண்ணலாகாது. அறிந்து விற்பது நம்மையே குற்றவாளியாக்கும். காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, வண்டியை ஒப்படைத்ததற்குச் சான்று பெறுக. விற்க உரிமை இல்லாதவன் விற்றான் என்ற காரணத்தால் விலையைத் திரும்பக் கோர மேற்சொன்ன 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அவனைக் கண்டுபிடித்தால் அன்றோ கோர முடியும்? ரசீதின் அருமை அப்போதுதான் விளங்கும்.

வண்டிக்குக் கடன் கேட்கும் அங்கத்தினரிடம் இவ்வளவையும் பார்த்தீர்களா என்று கேட்பது சங்கங்களின் கடமையும் ஆகும். அரை நாள் அலைச்சல் பல மாத உழைப்பைக் காக்கும்.