பூவும் நட்சத்திரமும் ஒரே படத்தில்!

காலண்டரிலோ செல்போன் திரையிலோ இப்படி ஒரு படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். முன்னால், கையை நீட்டினால் பறித்துவிடலாம் போல ஒரு ஊதாப் பூங்கொத்து. பின்னால் பனி மூடிய மலை. அதற்கு மேலே, அரிசி மாவைத் தூவிவிட்டாற்போல் ஆகாயம் நிறைய நட்சத்திரங்கள். பூவின் மேலுள்ள மெல்லிய ரோமமும் தெரிகிறது. நட்சத்திரமும் ஊசிமுனை போல் தெரிகிறது. "இதெல்லாம் ஒட்டு வேலை!" என்று யாராவது தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள்.

அந்தத் தீர்ப்பில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் சுவாரஸ்யம்.

ஒரு சின்னப் பரீட்சை செய்து பாருங்கள். ஆள்காட்டி விரலை முகத்துக்கு அருகே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தெரியும் மரத்தைப் பாருங்கள். மரம் தெளிவாக இருக்கும், விரல் மங்கிவிடும். விரலைப் பார்த்தால் மரம் மங்கும். நம் கண் சட்சட்டென்று பார்வையை மாற்றிக்கொள்வதால் இந்தக் குறை நமக்குத் தெரிவதில்லை. காமிராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஒரு படத்துக்கு ஒரே பார்வைதான்.

பகலில் இதற்கு ஒரு வழி உண்டு. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் மங்கலானதும் சற்றுத் தெளிகிறது அல்லவா? அது போல லென்ஸின் துவாரத்தைச் சிறியதாக்கினால் கிட்டத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் ஓரளவு சேர்ந்து தெளிவாக விழும். ஆனால் துவாரம் சுருங்கினால் வெளிச்சமும் குறையும். நட்சத்திரங்களைப் படம் பிடிக்கிறவர்கள் 2.8 என்னும் அளவில் துவாரத்தை அகலத் திறந்து வைத்து, சுமார் 20 வினாடி காத்திருப்பார்கள். அதையே 16 என்னும் சிறிய அளவுக்குச் சுருக்கினால் 32-ல் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே போகும். 20 வினாடி வேலைக்கு 640 வினாடி, அதாவது பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை பூமி சும்மா இருக்குமா? நாலு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி வீதம் அது சுழன்றுகொண்டே இருக்கிறது. புள்ளியாக இருக்க வேண்டிய நட்சத்திரம் கோடாக இழுத்துவிடும்!

அடுக்கு மல்லி போல...

இந்தச் சங்கடத்துக்குக் கண்டுபிடித்த உபாயம்தான் 'ஃபோகஸ் ஸ்டாக்கிங்'. அடுக்கு மல்லியில் இதழ் மேல் இதழ் இருப்பது போல, படத்தின் மேல் படத்தை அடுக்குவது.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் என்று ஒரு மலை இருக்கிறது. 14,410 அடி உயரம். உறைபனி போர்த்திய எரிமலை அது. 1899-ல் அதைச் சுற்றியுள்ள பிரதேசத்தைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். அதன் தெற்குச் சரிவில் 5,400 அடி உயரத்தில் உள்ள புல்வெளிக்குப் 'பாரடைஸ்', அதாவது சொர்க்கம் என்றே பெயர். ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் அங்கே போனால் பெயர் பொருத்தம்தான் என்பீர்கள். ஊதா நிற லூபின் சரம் சரமாகப் பூத்திருக்கும். நம் அவரை, துவரைக்கு அது உறவு. பக்கத்திலேயே தூரிகையைச் சாயத்தில் தோய்த்தது போல 'பெயிண்ட் பிரஷ்' பூ. இந்தச் செடி சாதுவாகத் தோன்றினாலும், அண்டை வீட்டுச் செடியின் வேரிலிருந்து ரகசியமாகச் சத்தை உறிஞ்சிக்கொள்ளும்!

எல்லாப் பூவும் இரவுப் படத்துக்கு உதவாது. கலிபோர்னியாப் பாப்பி அந்தி சாய்ந்ததும் இதழை மூடிக்கொண்டு தூங்கப் போய்விடும். லூபின் கொத்து அப்படியில்லை, இரவிலும் விழித்திருக்கும்.

போட்டோக்காரர் மாலையிலேயே வந்து, மூன்று கால் ஸ்டாண்டைப் பூவுக்கு ஓர் அடி தூரத்தில் ஊன்றிவிடுவார். அந்தி மயங்கி, காற்று அடங்கும் நேரத்தில் முதல் படம்: கிட்டத்துப் பூ மட்டும் தெளிவாக. பிறகு லென்ஸை இம்மி இம்மியாகத் திருப்பி, அடுத்த வரிசைப் பூக்கள், அதற்கப்பால் புல்வெளி, கடைசியில் மலை. இப்படி ஐந்து, பத்துப் படங்கள். பூ அசைந்தால் மறுபடியும் எடுக்க வேண்டும். அதன் பின் ஸ்டாண்டைத் தொடாமல், நன்றாக இருட்டும் வரை குளிரில் காத்திருப்பார். ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்த்து லென்ஸைச் சரிசெய்து, 20 வினாடியில் ஆகாயத்தை எடுப்பார். வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர், ஒவ்வொரு படத்திலும் தெளிவாக உள்ள பாகத்தை மட்டும் பொறுக்கி ஒன்றாக்கிவிடும்.

இது பொய்யா?

ஒட்டு வேலை ஒன்றும் புதிதல்ல. குஸ்தாவ் லெ கிரே என்னும் பிரெஞ்சுக்காரர் 1856, 1857-ஆம் ஆண்டுகளிலேயே கடலை ஒரு தகட்டிலும் மேகத்தை இன்னொரு தகட்டிலும் எடுத்துச் சேர்த்து, பார்த்தவர்களை மலைக்கவைத்தார். ஒரே மேகத்தை வேறு வேறு கடல்களின் மேல் அவர் மிதக்கவிட்டதும் உண்டு! இன்றும் எங்கேயோ எடுத்த ஆகாயத்தை எந்த மலைக்கு மேலும் ஒட்டிவிட முடியும். ஆனால் ஸ்டாண்டு நகராமல், ஒரே இடத்தில், ஒரே இரவில் எடுத்ததை அடுக்கினால் அதைப் பொய் என்று சொல்ல மனம் வரவில்லை. அங்கே இருந்தவை அத்தனையும் அங்கே இருந்தவைதானே!

உண்மையான குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. பாரடைஸில் பனி முழுவதும் கரையவே ஜூலை ஆகிவிடும். தளிர்த்து, பூத்து, விதைவிட அந்தச் செடிகளுக்குக் கிடைப்பது சில வாரங்களே. அதற்குள் ஒருவர், 'இன்னும் இரண்டு அடி உள்ளே போனால் படம் பிரமாதம்' என்று காலை வைக்கிறார். அந்தக் காலடியைப் பார்த்து இன்னொருவர் வருகிறார். மிதிபட்ட இடம் தேறப் பல வருஷங்கள் பிடிக்கும். அதனால்தான் பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று அங்கே கண்டிப்பு. பாதையோரத்துப் பூ ஒன்றே போதும். லென்ஸை அதன் அருகே கொண்டுபோனால் அதுவே படம் முழுவதும் நிறைந்துவிடும். அடுக்கு வித்தை இருக்கும்போது உள்ளே இறங்குவானேன்?

நீங்களும் மொட்டை மாடியில் முயன்று பார்க்கலாம். செல்போனை அசையாமல் நிறுத்தி, திரையில் தொட்டி மல்லிகையைத் தொட்டு ஒரு படம். பின்னால் தெரியும் எதிர்வீட்டு விளக்கைத் தொட்டு ஒரு படம். இரண்டையும் சேர்க்கும் வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். படம் முடிந்ததும் அந்த மல்லிகையைத் தாராளமாகப் பறித்துச் சூடிக்கொள்ளலாம், தொட்டி உங்களுடையது. காட்டுப் பூவை மட்டும் நட்சத்திரங்களுக்கு விட்டுவிடுங்கள்!