அரிவாள் செல் சோகையும் நுரையீரலும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதமே நுரையீரலில் ஆக்சிஜனைப் பெற்று உடலெங்கும் கொண்டு சேர்க்கிறது. அரிவாள் செல் சோகை உள்ளவர்களிடம் இப்புரதம் 'ஹீமோகுளோபின் எஸ்' என்னும் மாறுபட்ட வடிவில் உள்ளது. ஆக்சிஜன் குறையும்போது இது இழை இழையாக ஒட்டிக்கொள்வதால், வட்டமான சிவப்பணு அரிவாள் போல் வளைந்து விறைத்துவிடுகிறது.

நீலகிரிக்கு இது புதிய நோயன்று. 1952-ஆம் ஆண்டிலேயே லேமன், கட்புஷ் ஆகிய ஆய்வாளர்கள் இம்மலைப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் தன்மையைப் பதிவு செய்தனர். இது தொற்றுநோயன்று; பெற்றோரிடமிருந்து மரபுவழியாக வருவது.

நுரையீரல் எவ்வாறு பாதிக்கப்படுகிறது?

வளைந்த அணுக்கள் நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கலாம். கிருமித் தொற்றும் சேரலாம். அப்போது ஆக்சிஜன் குறைகிறது; குறைந்ததும் மேலும் பல அணுக்கள் வளைகின்றன. 'அக்யூட் செஸ்ட் சிண்ட்ரோம்' எனப்படும் இந்நிலை உயிருக்கு ஆபத்தானது. தொடக்கத்தில் இது சாதாரணச் சளிக்காய்ச்சல் போலவே தோன்றக்கூடும். மீண்டும் மீண்டும் ஏற்பட்டால் நுரையீரலின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம்.

பரிசோதனை அறிக்கை என்ன சொல்கிறது?

• ஹீமோகுளோபின் ஏ மிகுதியாகவும் எஸ் அதைவிடக் குறைவாகவும் இருந்தால், பெரும்பாலும் அவர் நோயைக் கடத்துபவர் மட்டுமே. பொதுவாக நலமாகவே இருப்பார். தாய், தந்தை இருவரும் கடத்துபவர்களாயின், ஒவ்வொரு பேறுகாலத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு.
• எஸ் மிகுந்து, ஏ இல்லாதிருந்தால் அது நோயைக் குறிக்கும். அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தால் முடிவு மாறித் தெரியும். மருத்துவரிடம் தவறாது தெரிவிக்கவும்.
• ஹீமோகுளோபின் எஃப், கருவிலுள்ள குழந்தைக்குரிய புரதம். இது எஸ் புரதம் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. ஹைட்ராக்சியூரியா மருந்து எஃப் அளவை உயர்த்துவதால் வலியும் மார்புப் பாதிப்பும் குறைகின்றன. வலி இல்லை என்று மருந்தை நிறுத்தக் கூடாது. கருத்தரிக்கத் திட்டமிடுவோர் முன்கூட்டியே மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

இவ்வறிக்கை நோயின் வகையைக் காட்டும். இன்று நுரையீரல் எந்நிலையில் உள்ளது என்பதைக் காட்டாது. அதற்கு விரல்நுனி ஆக்சிஜன் அளவீடு, மார்பு எக்ஸ்ரே, மூச்சுத்திறன் பரிசோதனை ஆகியவை தேவை.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

• 38.5 டிகிரி செல்சியஸ் (101.3 பாரன்ஹீட்) அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல்
• நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வேகமான மூச்சு, புதிய இருமல்
• உதடு நீலமாதல், வழக்கத்தைவிடக் குறைந்த ஆக்சிஜன் அளவு

விடியும் வரை காத்திருக்க வேண்டாம்; 108-ஐ அழைக்கவும். நோயாளிக்கு அரிவாள் செல் சோகை உள்ளது என்பதை முதலிலேயே கூறவும்.

மலைப்பகுதியில் கவனிக்க வேண்டியவை

உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் குறைவு. எனவே கூடலூர், பந்தலூரிலிருந்து மேலே செல்லும் நோயாளிகள் கம்பளி உடை அணிந்து, போதிய நீர் அருந்த வேண்டும். நலமாக இருக்கும் நாளில் ஆக்சிஜன் அளவைக் குறித்து வைத்திருப்பது ஒப்பிட உதவும். விறகடுப்புப் புகை, பீடி, சிகரெட் ஆகியவற்றைத் தவிர்க்கவும். பரிந்துரைத்த தடுப்பூசிகளை உரிய காலத்தில் போட்டுக்கொள்ளவும்.