யாழ் மீண்டும் ஒலித்த நாள்



யாழில் வீணையைப் போல மெட்டுகள் கிடையாது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நரம்பு. வழக்கொழிந்த அந்தக் கருவியின் இலக்கணத்தைச் சிலப்பதிகாரத்திலிருந்து மீட்டெடுக்க, கிழக்கிலங்கைக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் ஏறத்தாழ 14 ஆண்டுகள் உழைத்தார். எத்தனை பெரிய தவம்! அந்த ஆய்வை 'யாழ் நூல்' என்று வெளியிட்டது தஞ்சையின் கரந்தைத் தமிழ்ச் சங்கம். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றம் நடந்தது. அடிகளின் ஆய்வுப்படி செய்த யாழ்களை ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். அவையோர் முன் மீட்டியும் காட்டினார்கள். நூற்றாண்டுகளாக ஏட்டில் மட்டும் இருந்த ஒலி அது.

அடுத்த மாதமே, ஜூலை 19 அன்று, அடிகள் மறைந்தார். பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கும் பெற்றோரே, யாழையும் அறிமுகப்படுத்துங்கள்.