பெயர் இல்லாத வாக்காளரும் பேர் பெற்ற பத்திரிகைகளும்

(குகட்பள்ளியிலிருந்து நமது பகுதி நேர நிருபர்)

2018-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி. தெலுங்கானா சட்டசபைக்கு ஓட்டுப்பதிவு நாள்.

காலை 8 மணி இருக்கும். குகட்பள்ளியில் எங்கள் தெருவில் குடியிருக்கும் தமிழ்ப் பெரியவர் ஒருவர் வெள்ளை வேட்டி, சட்டையுடன் ஓட்டுப் போடப் புறப்பட்டார். தொழிற்சாலை ஒன்றில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போடத் தவறாதவர்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். விரலில் மை இல்லை.

"பட்டியல்லே என் பேர் இல்லையாம் தம்பி. அட்டையைக் காட்டினேன். அட்டை இருந்தாப் போதாது, பட்டியல்லே பேர் இருக்கணும்னு சொல்லிட்டாங்க. உங்க பத்திரிகைக்காரங்க இதை முன்னாடியே எழுதியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

ரெயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து கொண்டு, ஓய்வு நேரத்தில் செய்தி அனுப்புகிறவன் நான். அவர் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

என்ன எழுதினார்கள்?

அந்தத் தேர்தலின்போது குகட்பள்ளியின் பெயர் பத்திரிகைகளில் அடிபடாத நாள் இல்லை. என்.டி.ராமராவின் பேத்தி சுகாசினி தெலுங்கு தேசம் வேட்பாளராக இங்கே நின்றதுதான் காரணம். டி.ஆர்.எஸ். கட்சியின் மாதவரம் கிருஷ்ணா ராவ் அவரைத் தோற்கடித்தார்.

நம்மவர்களில் பலருக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. டீக்கடையில் யாராவது பத்திரிகையை வாய்விட்டுப் படித்தால்தான் உண்டு. அப்படி நாங்கள் கேட்டதெல்லாம் ஊர்வலம், மாலை, யாருக்கு எந்த ஜாதியின் ஓட்டு என்ற கணக்கு, இவைதான். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள் என்று அழுத்திச் சொன்ன செய்தி எதுவும் எங்கள் காதில் விழவில்லை.

ஓட்டுப்பதிவு அன்று பாட்மின்டன் வீராங்கனை ஜ்வாலா கட்டா, தமது பெயரும் பட்டியலில் இல்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி, பெயர் விடுபட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கொண்டார். அதன் பிறகுதான் அது பெரிய செய்தி ஆயிற்று. மழை நின்ற பிறகு குடை கொடுத்த கதைதான்.

இத்தனைக்கும் விதை முன்பே விழுந்திருந்தது. 2015 மார்ச்சில், வாக்காளர் பட்டியலோடு ஆதாரை இணைத்துச் சீர்படுத்தும் திட்டத்தைத் தேர்தல் கமிஷன் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆதார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இடைக்கால உத்தரவு பிறப்பிக்கவே, திட்டம் நிறுத்தப்பட்டது. அதற்குள் நீக்கப்பட்ட பெயர்கள் என்ன ஆயின என்று வீடு வீடாக விசாரித்து எழுதியிருக்க வேண்டியது பத்திரிகைகளின் வேலை அல்லவா?

வெளிப்படையான சாய்வு

பத்திரிகை ஒரு கட்சியின் பக்கம் சாய்வது புதிதல்ல. 1974-ல் தொடங்கிய 'ஈநாடு', 1983 தேர்தலில் என்.டி.ராமராவுக்குப் பக்கபலமாக நின்றது ஊரறிந்த செய்தி. 2008-ல் ஜெகன்மோகன் ரெட்டி 'சாக்ஷி' பத்திரிகையைத் தொடங்கினார். 2011-ல் வந்த 'நமஸ்தே தெலங்கானா' டி.ஆர்.எஸ். கட்சியின் குரலாக அறியப்பட்டது.

நமக்கும் இது பழக்கமானதுதான். 'முரசொலி'யைக் கையில் எடுப்பவர், அது யாருடைய பத்திரிகை என்று தெரிந்தேதான் எடுக்கிறார். சொல்லிவிட்டுச் சாய்வதில் வஞ்சனை இல்லை. வாசகர் அதற்கு ஏற்றபடி தள்ளுபடி செய்து படித்துக் கொள்வார்.

விலைக்கு வந்த செய்தி

இரண்டாவது வகை, விளம்பரத்தைச் செய்தி போல அச்சிடுவது. 2009 தேர்தலில் ஆந்திரா உள்பட பல மாநிலங்களில் இந்தப் புகார் எழுந்தது. பிரஸ் கவுன்சில் விசாரிக்க நியமித்த துணைக்குழுவின் இரண்டு உறுப்பினர்களில் ஒருவர் ஐதராபாத் பத்திரிகையாளர் கே.சீனிவாச ரெட்டி. மற்றவர் பரஞ்ஜோய் குஹா தாகுர்தா. பத்திரிகைகளின் பெயர்களையே சொன்ன அவர்களது முழு அறிக்கையை கவுன்சில் 2010-ல் வெளியிடவில்லை. தகவல் கமிஷன் உத்தரவிட்ட பிறகு, 2011-ல்தான் அது வெளியே வந்தது.

அதே 2011-ல், இப்படிப்பட்ட செய்திக்குச் செய்த செலவைக் கணக்கில் காட்டாத உத்தரபிரதேச எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவைத் தேர்தல் கமிஷன் 3 ஆண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்தது.

அந்த 2009 தேர்தலில் குகட்பள்ளி தேர்ந்தெடுத்தது யாரை? லோக்சத்தா கட்சியின் ஜெயப்பிரகாஷ் நாராயணை. கட்சியாக மாறுவதற்கு முன்பே, வாக்காளர் பட்டியலில் உள்ள பிழைகளைச் சுட்டிக்காட்டி வந்த இயக்கம் அது. அவரைத் தேர்ந்தெடுத்த தொகுதியிலேதான் 9 ஆண்டு கழித்து நம் பெரியவர் வெறும் விரலோடு திரும்பினார்.

மவுனம் என்னும் சாய்வு

மூன்றாவது வகைதான் கொடியது. அது, எழுதாமல் விடுவது. கட்சிக்கு லாபமில்லாத, விளம்பரதாரருக்குப் பயனில்லாத செய்திக்கு இடம் கிடைப்பதில்லை. வாடகை வீடு மாறிக் கொண்டே இருக்கும் வெளியூர்க்காரனின் பெயர் பட்டியலில் இருந்தால் என்ன, போனால் என்ன? அவனுக்காகக் கேட்க ஆள் இல்லை.

இந்த மவுனத்தின் விலை என்ன என்பதை பீகார் காட்டியது. அங்கே 2025 ஆகஸ்டில் வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. விடுபட்டவர்களின் பட்டியலைக் காரணத்துடன் வெளியிட வேண்டும், அதைப் பற்றி மக்கள் மொழிப் பத்திரிகைகளில் நன்றாக விளம்பரப்படுத்த வேண்டும் என்று ஆகஸ்டு 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. பத்திரிகைகள் தாமாகச் செய்ய வேண்டியதைக் கோர்ட்டு சொல்லிச் செய்ய வைக்க நேர்ந்தது.

நாம் செய்ய வேண்டியது

வாசகர்கள் பத்திரிகைகளை நம்பிக் காத்திருக்க வேண்டாம். தேர்தல் வருவதற்கு முன்பே பட்டியலைப் பார்த்துவிட வேண்டும். பெயர் இல்லாவிட்டால் படிவம் 6. வீடு மாறினாலும், பிழை இருந்தாலும் படிவம் 8. சந்தேகம் கேட்க 1950 என்ற எண்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. சொந்த ஊரில் ஒன்று, இங்கே ஒன்று என்று இரண்டு தொகுதிகளில் பெயர் வைத்திருப்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. எங்கே குடியிருக்கிறோமோ, அங்கே பதிவு செய்து கொள்வதே சரி.

அந்தப் பெரியவருக்கு நானே படிவம் 6 நிரப்பிக் கொடுத்தேன். 2019 ஏப்ரல் 11-ந் தேதி, நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டு விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். மை வைத்த விரலை நீட்டினார்.

"யாருக்குப் போட்டேன்னு கேக்காதே. பேர் இருந்ததுன்னு மட்டும் எழுது தம்பி" என்றார்.

தாமதமாகத்தான், ஆனாலும் எழுதிவிட்டேன்.